விஞ்ஞானியின் மொய் நோட்டு

ஒரு நரம்பியல் விஞ்ஞானி எவ்வளவு பெரியவர் என்று தெரிந்துகொள்ள இப்போதெல்லாம் மூளை தேவையில்லை. விரல் போதும். கூகுள் ஸ்காலரில் பெயரைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். இதுவரை எத்தனை கட்டுரைகள் அவரை மேற்கோள் காட்டியிருக்கின்றன, ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு, சமீபத்து வருஷங்களில் ஏறுமுகமா இறங்குமுகமா, எல்லாம் அதில் இருக்கும். கிரிக்கெட் ஆட்டக்காரரின் சராசரி மாதிரி.

லண்டனில் கார்ல் ஃப்ரிஸ்டன் என்று ஒருவர் இருக்கிறார். 1959-ல் பிறந்தவர். அவருடைய பெட்டியைப் பார்த்தால் தலை சுற்றும். மேற்கோள்கள் மூன்று லட்சத்துக்கு மேல். ஹெச்-இண்டெக்ஸ் 250-ஐத் தாண்டியாகிவிட்டது. 2016-ல் செமான்டிக் ஸ்காலர் என்ற தேடுபொறி, நரம்பியலில் அதிகத் தாக்கம் உண்டாக்கியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது முதல் பெயர் இவருடையதுதான்.

சரி, மூன்று லட்சம். எதை எண்ணினால் மூன்று லட்சம் வருகிறது? உங்களை இந்த வாரம் கேட்க நினைத்தது அவ்வளவுதான். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கிறேன்.

மேற்கோள் என்பது அடிப்படையில் ஒரு நன்றி. 'இந்த விஷயத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை ஐயா, இன்னார் இந்த வருஷம் எழுதியிருக்கிறார், அங்கிருந்து எடுத்தேன்' என்று கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒப்புக்கொள்வது. நல்ல பழக்கம். திருடாமல் இருப்பதற்கும் உதவும். இந்த நன்றிகளையெல்லாம் ஒரே இடத்தில் குறித்துவைத்தால் என்ன ஆகும்? கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாரே ஒருவர், கோடு போட்ட நோட்டு, பக்கத்தில் மஞ்சள் பை. அது ஆகும். மொய் நோட்டு.

விஞ்ஞானத்துக்கு அந்த மேஜையைப் போட்டவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட். 1955-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் யோசனையை எழுதினார். 1960-களில் நோட்டே வெளிவந்துவிட்டது. யோசனையை அவர் வக்கீல்களிடமிருந்து எடுத்தார். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஏற்றுக்கொண்டனவா, தள்ளிவிட்டனவா என்று பார்க்க அமெரிக்க வக்கீல்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். கோர்ட்டில் எழுந்து நின்று, செத்துப்போன தீர்ப்பைச் சொல்லி மானம் போகக்கூடாதல்லவா, அதற்காக. கார்ஃபீல்டின் நோக்கமும் அதுதான். ஒரு கட்டுரை மோசடி, அரைகுறை, அல்லது காலாவதி என்று யாராவது சொல்லியிருந்தால், அது தெரியாமல் அதையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் அபத்தத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதினார். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தேடுவதற்காகப் போட்ட நோட்டு. ஆனால் நோட்டு என்று ஒன்று இருந்தால் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்க்காமல் மனுஷனால் இருக்க முடியுமா? 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கூட்டுவதற்கு ஒரு சுருக்கு வழி சொன்னார். உங்கள் கட்டுரைகளில் குறைந்தது 30 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 30 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் ஹெச் 30. இயற்பியலில் வேலை நிரந்தரமாவதற்குச் சுமார் 12, முழுப் பேராசிரியருக்குச் சுமார் 18 இருக்கலாம் என்று அளவும் கொடுத்தார், டாக்டர் பிரிஸ்கிருப்ஷன் மாதிரி. உலகம் கப்பென்று பிடித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 2020-ல் இதே ஹிர்ஷ், இந்த எண் மோசமாகத் தோற்கக்கூடும், நினைத்துப் பார்க்காத கெடுதல்களையும் செய்யக்கூடும் என்று எழுதினார். மீமின்கடத்தல் பற்றி ஊரோடு ஒத்துப்போகாத ஒரு கொள்கை வைத்திருப்பவர் அவர். சொன்னால் கேட்பார் இல்லை. தான் செய்த தராசில் தானே ஏறி நின்று பார்த்திருப்பார் போலிருக்கிறது.

ஃப்ரிஸ்டனுக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் அவர் ஒரு வேலை செய்தார். மூளையை ஸ்கேன் எடுக்கும்போது லட்சக்கணக்கான புள்ளிகளில் எண்கள் வந்து கொட்டும். எந்தப் புள்ளி நிஜமாக விழித்தது, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு முறையும் மென்பொருளும் செய்தார், எஸ்.பி.எம். என்று பெயர். செய்து, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பேரன்பா பயமா கணக்கா, எதைப் பற்றி மூளையை ஸ்கேன் செய்தாலும் ஏராளமான ஆராய்ச்சிக்காரர்கள் அவருடைய கருவியைத்தான் எடுத்தார்கள். எடுத்தவர்கள் மரியாதையாகக் கட்டுரைக் கடைசியில் மொய் எழுதினார்கள்.

அவர் மனசுக்கு நெருக்கமான விஷயம் வேறு. உயிருள்ளது எல்லாமே, தான் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பெரிய தத்துவம். 'ஃப்ரீ எனர்ஜி' கொள்கை என்பார்கள். படித்த பலரும் புரியவில்லை என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள். அது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டைக்கும் மூன்று லட்சத்தில் பங்கு உண்டு. ஆனால் மென்பொருளுக்கு விழுந்த மொய்யையும் தத்துவத்துக்கு விழுந்த மொய்யையும் பெட்டி பிரித்துக் காட்டாது. ஊரில் நடந்த விருந்துகளுக்கெல்லாம் கிரைண்டர் செய்து கொடுத்தவரின் பெயரை ஒவ்வொரு பந்தியிலும் எழுதினால் எண்ணிக்கை எங்கேயோ போகும். தப்பில்லை, கிரைண்டர் இல்லாமல் மாவு இல்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து அவருடைய சமையலைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

2014-ல் 'நேச்சர்' பத்திரிகை, எல்லாக் காலத்திலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைத் தேடி எடுத்தது. முதலிடம் 1951-ல் ஆலிவர் லௌரி எழுதியது. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. மூன்று லட்சத்து ஐயாயிரம் தடவை. லௌரி மூளை ரசாயனத்தில் அருமையான வேலைகள் செய்தவர். இந்தக் கட்டுரை ஒன்றும் மகத்தானதில்லை என்று அவரே சொன்னார், உள்ளூர ஒரு குஷி உண்டு என்பதையும் மறைக்கவில்லை. டி.என்.ஏ. முறுக்கு ஏணி போல இருக்கிறது என்று வாட்ஸனும் க்ரிக்கும் 1953-ல் சொன்னார்களே, அந்தக் கட்டுரை? முதல் நூறில் இல்லை.

இன்னும் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. மூளை என்பது ஒரே வலையாகப் பின்னியது இல்லை, தனித்தனிச் செல்களால் ஆனது என்று காட்டியவர் ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் ஈ காஹால். 1888-ல் சொந்தக் காசைப் போட்டு ஒரு சஞ்சிகை ஆரம்பித்து அதில் அதை அச்சடித்தார். ஸ்பானிஷில். ஐரோப்பாவின் பெரிய தலைகள் பலருக்கு ஸ்பானிஷ் வராது. பதில் இல்லை. அடுத்த வருஷம் பெர்லினில் மாநாடு. மனுஷர் கண்ணாடித் தகடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். மைக்ராஸ்கோப்பை வைத்து, வந்தவர்களைக் கூப்பிட்டு, 'நீங்களே பாருங்கள்' என்றார். அன்றைக்கு அவருடைய கட்டுரைகளைப் படித்து மார்க் போட்டு வேலை கொடுப்பதாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பெர்லினில் அவரை ஏற்றுக்கொண்ட கிழவர் கோலிக்கர் எண்ணிப் பார்க்கவில்லை. குனிந்து, லென்ஸ் வழியாகப் பார்த்தார். 1906-ல் காஹாலுக்கு நோபல்.

இங்கே நீங்கள் குறுக்கிடுவீர்கள். 'அதெல்லாம் சரி சார். இன்றைக்கு ஒரு வேலைக்கு முந்நூறு விண்ணப்பம் வருகிறது. எல்லோருடைய லென்ஸிலும் யார் குனிந்து பார்ப்பது? எண்ணை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சிபாரிசு மிஞ்சும். மாமா மிஞ்சுவார்.'

நியாயமான அடி. எண்ணைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். யாரையும் தெரியாத ஊரிலிருந்து, யாருடைய பிள்ளையாகவும் இல்லாமல் வருகிறவளுக்கு அந்த எண் ஒரு கவசம். 'உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம், இதோ இத்தனை பேர் என் வேலையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்' என்று மேஜை மேல் வைக்கலாம். அந்தக் கவசத்தைப் பிடுங்கிவிட்டு, 'தகுதியை ஆழமாகப் பார்க்கிறோம்' என்று பேசினால் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆழமாகப் பார்ப்பது யார், எந்த ஊர், யாருக்கு யார் உறவு?

ஆனால் கவசம் செய்யத் தெரிந்தவன் போலிக் கவசமும் செய்வான். இந்தியாவில் 2010-ல் யு.ஜி.சி., கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி. உடனே, பணம் கட்டினால் எதையும் அச்சடிக்கும் சஞ்சிகைகள் ஈசல் மாதிரி கிளம்பின. 2018-ல் யு.ஜி.சி. தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 சஞ்சிகைகளைத் தூக்கியது. உள்ளே விட்டதும் அதே கதவுதான். வெளிநாட்டில் மட்டும் யோக்கியமா? நீ என்னை மேற்கோள் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று கூட்டணி. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்றே ஒன்று நடத்துவார்கள், கல்யாணமும் இருக்காது, காதுகுத்தும் இருக்காது, மொய்க்காகவே கறிச்சோறு. அவர்களாவது பத்திரிகை அடித்து, ஃபிளக்ஸ் வைத்து, வெளிப்படையாகச் செய்கிறார்கள்.

மொய் நோட்டில் இன்னொரு குறையும் உண்டு. கூட்டல் மட்டுமே தெரியும். திட்டுவதற்காக மேற்கோள் காட்டினாலும் ஒன்றுதான். பந்தியில் சண்டை போட வந்தவனையும் மொய் வைத்தவனாக எழுதிக்கொள்ளும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், ப்ரொஃபசர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அல்சைமர் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற பெண்ணைப் பார்த்து 'நீ யாரம்மா' என்று அம்மா கேட்கிற வியாதி. 2006 மார்ச்சில் 'நேச்சர்' பத்திரிகையில் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மூளையில் படியும் அமிலாய்ட் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பிரித்தெடுத்தோம், எலிகளின் ஞாபகத்தைக் கெடுப்பது அதுதான் என்றது. பெரிய விஷயம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்கிற மாதிரி. 2,300 தடவைக்கு மேல் மேற்கோள். எழுதியவர்களுக்குப் பெயர், அந்தத் திசையில் பணம், அந்தப் பணத்தில் இளைஞர்களின் ஆராய்ச்சி வருஷங்கள்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஷ்ராக் என்ற நரம்பியல் மருத்துவர் அந்தக் கட்டுரையின் படங்களை உற்றுப் பார்த்தார். எண்ணை இல்லை, படங்களை. புரதப் பட்டைகளில் சில, வெட்டி ஒட்டியது போல ஒன்றாகவே இருந்தன. அவர் எழுப்பிய சந்தேகத்தை 'சயின்ஸ்' 2022-ல் விலாவாரியாக வெளியிட்டது. 2024 ஜூனில் 'நேச்சர்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது. படங்கள் திருத்தப்பட்டிருந்ததை மூத்த ஆசிரியரே ஒப்புக்கொண்டார். எழுதியவர்களில் ஒருவர் தவிர மற்றவர்கள் திரும்பப் பெறச் சம்மதித்தார்கள்.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அமிலாய்ட் கொள்கை இந்த ஒரு கட்டுரையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அதற்கு வேறு சாட்சிகள் இருந்தன, இருக்கின்றன. ஆனால் பதினெட்டு வருஷம் என்பது பதினெட்டு வருஷம்தான். 2,300 பேரில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்கள்? எத்தனை பேர், முந்தைய ஆள் எழுதியிருக்கிறாரே என்று தானும் எழுதியிருப்பார்கள்? மொய் வைக்கும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் நம்மில் உண்டுதானே. அந்தப் பொருளைத் தேடிப் பார்த்து அகப்படவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 'அகப்படவில்லை' என்பதற்கு யார் ஜே போடுவார்கள்? அதற்கு மொய் கிடையாது.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, கார்ஃபீல்ட் 1955-ல் எழுதியது. மோசடியையும் அரைகுறையையும் தெரியாமல் மேற்கோள் காட்டுவதை நிறுத்தத்தான் அந்த நோட்டு. அதே நோட்டின் கூட்டல் தொகையே இப்போது நல்ல நடத்தைச் சான்றிதழ் ஆகிவிட்டது. 2,300 பேர் சொன்னால் சும்மாவா இருக்கும் என்று.

நோட்டுக்கு வராத நன்றிகளும் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கை வெட்டுப்பட்டவர்களுக்கு, இல்லாத கை வலிக்கும். விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவது போல இருக்கும், அங்கே உள்ளங்கையும் இல்லை, நகமும் இல்லை. 1990-களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையை விரித்தால் இல்லாததும் விரியும். சிலருக்கு இறுக்கம் விட்டுப்போனது. எல்லோருக்கும் இல்லை, ஆனால் சிலருக்கு. தச்சர் அரை நாளில் செய்யக்கூடிய சமாசாரம். எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டியைச் செய்து வைத்து ஒருவரின் கையை விரிக்கச் சொல்லும் பிசியோதெரபிஸ்ட் கட்டுரை எழுத மாட்டார். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார். கை விரிந்தவரும் எழுத மாட்டார். அவர் தூங்கப் போயிருப்பார், வெகு நாளைக்கப்புறம்.

கடைசியாக, மூளை ஆராய்ச்சியிலேயே மிகவும் பேசப்பட்ட ஒரு கட்டுரை. 1957-ல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவரும் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளரும் எழுதியது. 27 வயது இளைஞர் ஒருவருக்குத் தீராத வலிப்பு. 1953-ல் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. கூடவே, புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் சக்தியும் போய்விட்டது. பழைய ஞாபகம் பெரும்பாலும் இருந்தது, பேச்சு இருந்தது, புத்தி இருந்தது. சாப்பிட்டது மட்டும் மறந்துவிடும்.

மில்னர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். நட்சத்திரப் படத்தின் ஓரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துப் பென்சிலால் வரைய வேண்டும். எல்லோருக்கும் முதலில் கை தடுமாறும். அவர் மூன்று நாள் வரைந்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்னால் ஒரு தடவை வரைந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கைக்கு ஞாபகம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை. ஞாபகம் என்பது ஒன்றல்ல, பல வகை என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

அந்த 1957 கட்டுரையை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டியாகிவிட்டது. ஹெச்-இண்டெக்ஸ் கணக்குப்படி எத்தனை ஆயிரம் வந்தாலும் அது ஒரு கட்டுரை. மில்னரின் கணக்கில் ஒன்று. ஸ்கோவிலின் கணக்கில் ஒன்று.

மூளையைக் கொடுத்தவருக்கு? கட்டுரைகளில் அவர் 'ஹெச்.எம்.' மட்டும். அந்தரங்கத்தைக் காப்பதற்காக, சரியான காரணம்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் சோதனைகளுக்கு உட்கார்ந்தார். பல வருஷங்கள் ஒப்புதல் படிவங்களில் அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், கையெழுத்துப் போட்டதை மறந்துபோகிற ஒருவரின் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஸ்கோவிலின் பேரன் லூக் டிட்ரிச் 2016-ல் எழுதிய புத்தகத்தில் கேட்டார். பெரிய சர்ச்சையாயிற்று. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது மற்றவர்களுக்கு உதவும் என்று ஹெச்.எம். சொல்வதுண்டாம். சொன்னதை மறந்து, மறுபடி சொல்வார்.

2008 டிசம்பரில் 82 வயதில் இறந்தார். அதற்கப்புறம்தான் ஹென்றி மொலைசன் என்ற முழுப் பெயரை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் சான் டியேகோவில் அவருடைய மூளையை உறைய வைத்து 2,401 சீவல்களாகச் சீவினார்கள். எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள்.

மில்னர் அவரைப் பல வருஷங்கள் பார்த்தார். மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி வருவார். ஒவ்வொரு தடவையும் ஹென்றி மரியாதையாக எழுந்து வரவேற்பார். ஒவ்வொரு தடவையும் மில்னர் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.